வானத்தில் நான் போட்ட வேலி

போன வருடம் குறுவை அறுவடை முடிந்து, சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த சமயம் அது. வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமத்தில் எனக்கு ஓர் உரக்கடை. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஈ காக்கை வராது. அந்த நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே கம்ப்யூட்டரில் நான் விமானம் ஓட்டிக்கொண்டிருப்பேன்.

விளையாட்டு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஓர் உலகம். நமக்கென ஒரு பொம்மை உருவம் எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம், இடம் வாடகைக்குப் பிடிக்கலாம், கடையோ கோயிலோ கட்டிக்கொள்ளலாம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் மனிதர்கள் தங்கள் பொம்மைகளோடு வந்து சுற்றிப் பார்ப்பார்கள். நான் அங்கே ஒரு விமானத்தளம் கட்டியிருந்தேன். பன்னிரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், ஓடுபாதை, சுற்றிலும் பனிமலை. வருகிறவர்களை மேலே ஏற்றிக்கொண்டு போய், பச்சை விளக்கு எரிந்ததும் குதிக்கவிடுவேன். அவர்கள் பாராசூட்டை விரித்து, தரையில் வரைந்த வட்டத்துக்குள் இறங்க வேண்டும்.

இதெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். பன்னிரண்டு வருடம் வளைகுடா நாடு ஒன்றில், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கியவன் நான். விமானத்தின் வயிற்றுக்குள் ஆயிரம் முறை தவழ்ந்திருக்கிறேன், விமானி அறையை ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை. இந்த உலகத்தில் என் பொம்மைக்குத் தங்கக் கோடு போட்ட தொப்பி, பளபளக்கும் கறுப்பு ஷூ. எல்லாரும் என்னை 'கேப்டன்' என்றார்கள். வேறெங்கும் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

இரண்டு வருடம் ஓகோவென்று ஓடியது. பிறகு என் தளத்துக்கு அந்தப்பக்கம், ஒரு துண்டுக் கடல் தள்ளி, இன்னொருவர் பாராசூட் குதிக்கும் இடம் திறந்தார். என்னிடம் வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் விமானத்தில் ஏறியவர்கள் மொத்தம் இரண்டு பேர். அதிலும் ஒருவர் வழி தவறி வந்தவர்.

வயிறு எரிந்தது. அப்படி என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க, வேறு பெயரில், கூலிங் கிளாஸ் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பொம்மையாகத் திருட்டுத்தனமாகப் போனேன். ஏறினேன், குதித்தேன். கீழே பார்த்தால் நம் ஊர். நாற்றங்கால் ஒரு பச்சை, நட்ட வயல் ஒரு பச்சை, நடுவே வாய்க்கால், ஓரத்தில் தென்னை வரிசை. என் பாராசூட்டின் நிழல் வயலில் விழுந்ததும் கொக்குக் கூட்டம் குபீரென்று எழுந்து பறந்து, அடுத்த வயலில் போய் இறங்கியது. இறங்க வேண்டிய இடம் வட்டம் இல்லை, நெல் தூற்றுகிற களம். அதில் கால் வைத்த நொடியில் என் பொம்மையின் ஷூ தானாகக் கழன்று, களத்தின் ஓரத்தில் மற்ற ஜோடிகளோடு வரிசையில் போய் நின்றது. பலகையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது: நெல் கிடக்கும் இடம், செருப்போடு வராதீர்கள். பக்கத்தில் இறங்கிய வெளிநாட்டுக்காரர் தன் வெறுங்காலைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நம்மூர் ஆள் ஒருவர் இவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாரே என்று பெருமைப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பொறாமைதான் இரட்டிப்பாகியது. அந்தக் கொக்கை நான் தினமும் கடை வாசலில் உட்கார்ந்து பார்க்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை? போட்டிக்கு நானும் கொக்கு செய்து பறக்கவிட்டேன். என் கொக்குகள் பின்பக்கமாகப் பறந்தன. அதுவும் பனிமலை மேல்.

அப்போதுதான் எனக்கு அந்த நல்ல யோசனை உதித்தது. இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த கடல் துண்டு காலியாகக் கிடந்தது. எதிராளியின் ஓடுபாதை அதைப் பார்த்துத்தான் இருந்தது, கிளம்பும் விமானம் அதன் மேலேதான் போயாக வேண்டும். அந்தத் துண்டை வாடகைக்கு எடுத்து, என் பெயரைத் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை என்று பூட்டிவிட்டேன். அங்கே அப்படிப் பூட்டினால் கண்ணுக்குத் தெரியாத வேலி வானம் வரைக்கும் நிற்கும். அன்று மதியம் அவர்கள் விமானம் அதில் முட்டி, உள்ளே இருந்தவர்கள் பொத்துபொத்தென்று கடலில் விழுந்ததைப் பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

டீ கொண்டுவந்த என் மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"வயலுக்குப் போற தண்ணிய மறிக்கிற புத்தி. இங்க பண்ண முடியலன்னு வானத்துல போய்ப் பண்றீங்களாக்கும்" என்று டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் எதிராளியிடமிருந்து ஒரு செய்தி. என் விவரத்தில் தஞ்சாவூர் என்று போட்டிருந்ததால் தமிழிலேயே வந்தது. "வணக்கம்ண்ணே. நடுவுல உள்ள எடத்த நீங்க எடுத்திருக்கீங்க போல. பிளேன் போற அளவுக்கு மட்டும் வழி விட்டீங்கன்னா ஒதவியா இருக்கும்." நான் பதில் போடவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், அவர்கள் விமானம் தன் எல்லைக்குள்ளேயே பருந்து மாதிரி வட்டமடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்த வட்டத்தை ரசிக்கவே இன்னும் நாலு பேர் கூடினார்கள். எனக்குத் தூக்கம் கெட்டது.

இந்த நேரத்தில் எனக்கொரு வாய்ப்பு வந்தது. ஊர் ஊராகப் போய்க் குதிக்கிற வெளிநாட்டுக் குழு ஒன்று ஞாயிறு மதியம் என் தளத்துக்கு வருவதாகச் சொன்னது. பதினோரு பேர். அவர்கள் நல்லபடியாக நாலு வார்த்தை எழுதினால் போன கூட்டம் திரும்பிவிடும், எழுதாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். அசத்திவிட வேண்டும் என்று, குதிப்பதற்கு முன்னால் கடல் மேல் ஒரு நீண்ட சுற்று வைத்தேன். நடுவில் யாரும் பேசிக் கெடுக்காமலிருக்க அவர்கள் குரலையெல்லாம் அணைத்துவிட்டு, மைக்கில் என் வர்ணனையை ஆரம்பித்தேன். விமான நிலைய ஒலிபெருக்கியில் பன்னிரண்டு வருடம் கேட்ட ஆங்கிலம், சும்மா வந்து கொட்டியது. இடது பக்கம் பாருங்கள் பனிமலை, வலது பக்கம் பாருங்கள் கலங்கரை விளக்கம். பத்து நிமிடம் விடாமல் பேசியிருப்பேன்.

அப்போது திரையின் மூலையில் ஒரு செய்தி வந்தது. "அண்ணே, உங்க ஆளுங்க பதினோரு பேரும் எங்க களத்துல இருக்காங்க. பதறாதீங்க."

திரும்பிப் பார்த்தேன். விமானத்தில் ஓர் ஆள்கூட இல்லை. பதினோரு இருக்கையும் காலி.

என் வேலி என்னை மட்டும் விட்டுவிட்டு, உள்ளே இருந்த அத்தனை பேரையும் கடலில் தள்ளியிருக்கிறது. வேலி போட்டவன் போகலாம் என்றால் அவன் கூட வருகிறவர்களும் போகலாம் என்று நம் ஊர் வழக்கத்தில் நினைத்துவிட்டேன். பாராசூட்டையும் குதிக்கும்போது வாசலில் கொடுத்தால் போதும் என்று வைத்திருந்தேன். மானம் கப்பலேறியது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, இனி அந்த உலகத்துப் பக்கமே போகக்கூடாது என்று எழுந்தவன், எதற்கோ மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை சொந்த உருவத்தில் அங்கே போனேன்.

களத்தில் கால் வைத்ததும் என் பளபளப்பு ஷூ கழன்று வரிசையில் போய் நின்றது. தலையில் தங்கக் கோட்டுத் தொப்பி, காலில் ஒன்றுமில்லை. திட்டு விழும் என்று நின்றேன். பதினோரு பேரும் கைதட்டினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு பொம்மை என்னிடம் வந்தது. அதுதான் எதிராளி. அது ஒரு பெண் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மற்றவர்களுக்குக் கேட்காமல் எனக்கு மட்டும் தமிழில் சொன்னாள். "கடல்ல கெடந்தாங்க, படகுல ஏத்திட்டு வந்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து வச்ச வெளையாட்டு, கடல்ல விழறதுதான் முத கட்டம்னு சொல்லிட்டேன். எங்க பிளேன்ல ஏத்திக் குதிக்கவும் விட்டாச்சு. நீங்களும் அப்படியே சொல்லிருங்க."

அந்த நொடியிலும் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தப் பொய்கூட எனக்குத் தோன்றியிருக்காதே என்றுதான்.

"வேலி போட்டது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும்ண்ணே. எடத்துல உங்க பேரு போட்டிருக்குல்ல. எங்க ஊர்ல மடைய அடைக்கிறவங்க பேரெழுதி வச்சுட்டு அடைக்க மாட்டாங்க."

எந்த ஊர் என்று கேட்டேன். திருப்பனந்தாள் பக்கமாம். இப்போது சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இந்தக் களத்தை எப்படி இவ்வளவு அச்சாகக் கட்டினாய் என்றும் கேட்டேன்.

"எங்கம்மாவும் அப்பாவும் அடுத்தவங்க களத்துலதான் கதிர் அடிச்சாங்க. அவங்களுக்குச் சாப்பாடு எடுத்துட்டுப் போனா, ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். எங்களுக்குன்னு களம் கெடையாது. இங்க எடம் கெடச்சுச்சு, ஒண்ணு போட்டுக்கிட்டேன்."

எங்கள் வீட்டுக்குப் பரம்பரையாகக் களம் இருந்தது. இப்போது அதில் கார் நிற்கிறது. நான் கட்டியது பனிமலை. அங்கேயே நின்றபடி கடல் துண்டின் பூட்டைத் திறந்துவிட்டேன். அவள் விமானம் நேராகக் கிளம்பி அதன் மேல் போனதை, வெறுங்காலோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொறாமை அதோடு போய்விட்டது என்று எழுதினால் என் மனைவியே சிரிப்பாள். இன்றைக்கும் அந்தப் பெண்ணின் களத்தில் என்னிடத்தைவிடக் கூட்டம் அதிகம், இன்றைக்கும் எனக்கு அது சுருக்கென்றுதான் இருக்கிறது. கேட்டதும் கொக்கைப் பறக்கவைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தாள். என் கொக்குகள் இப்போது முன்பக்கமாகப் பறக்கின்றன, ஆனாலும் அவள் கொக்குதான் அழகு. ஆனால் யாரைப் பார்த்து வயிறு எரிந்தாலும், காலி இருக்கைகளுக்குப் பனிமலையைக் காட்டிக்கொண்டு தன்னந்தனியாகப் பறந்த அந்தக் கேப்டன் நினைவுக்கு வருகிறான். உடனே திரும்பி, என்னோடு வந்தவர்கள் என்னோடு இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.