மூன்று பேருக்கு இரண்டு வள்ளம்

இந்த நாட்டுச் சனம் காசு கொடுத்துப் பயப்படும். மொன்றியல் துறைமுகப் பக்கத்துப் பண்டகசாலையில் என்னோடு பெட்டி அடுக்கும் ஜில், போன கோடையில் எடுத்த படமொன்றைக் காட்டினான். சிவப்பு அங்கி மாட்டிய பத்துப் பேர், கூரையில்லாத றப்பர் போட்டில் குந்தியிருந்து பல்லைக் காட்டுகிறார்கள். பக்கத்தில் ஒரு திமிங்கிலத்தின் முதுகு. ததூசாக் என்ற ஊராம், பஸ்ஸில் ஆறேழு மணித்தியாலம். பெரிய கப்பலும் ஓடுகிறதாம், ஆனால் சின்னப் படகில்தான் ருசி இருக்கிறதாம். சின்னப் படகின் ருசியை யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்லித் தருகிறானே என்று சிரிப்பு வந்தது. சிரிக்காமல் விலாசத்தை எழுதி வாங்கினேன்.

எட்டு வருடமாக எனக்கு விடுமுறை என்றால் ரொறொன்ரோவில் யாருடையதோ கல்யாண மண்டபம்தான். பின்வரிசையில் இருந்து வடை தின்றுவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் நம்மவர் எல்லாரும் அப்படித்தான். இந்தத் தொண்ணூற்றேழிலாவது ஒரு கிழமை வெள்ளைக்காரனைப்போல் எங்காவது போகவேண்டும் என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. பத்து வயது மகள் துஷாவுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். பள்ளிக்கூட நூலகத்திலிருந்து திமிங்கிலப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தாள். மனைவி மட்டும் புட்டு அவித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"ஒரே வள்ளத்திலை ஏறேலாது. ரெண்டாப் பிரிப்பம்."

யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடல்நீரேரியால் சனம் வன்னிக்குத் தப்பிப் போன காலத்தில் இது எழுதாத சட்டம். குடும்பம் முழுவதும் ஒரு வள்ளத்தில் ஏறாது. கடற்படையின் சூடு விழுந்தால் பாதிக் குடும்பமாவது மிஞ்சவேண்டும் என்ற கணக்கு. நான் அப்போது இங்கே, மொன்றியலில், ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் துஷாவை மடியில் வைத்துக்கொண்டு முன்வள்ளத்தில் ஏறினாள். மூத்தவன் குகனைத் தன் தம்பியோடு பின்வள்ளத்தில் ஏற்றினாள். முன்வள்ளம் கரை சேர்ந்தது. பின்வள்ளம் சேரவில்லை. குகனுக்கு அப்போது ஒன்பது வயது. நான் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு ஐந்து. உடல் கிடைக்காதபடியால் எங்கேயோ ஒதுங்கியிருப்பான் என்று நான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அதற்காகவே அவள்மேல் எனக்குக் கோபம்.

இது செயின்ட் லோரன்ஸ் ஆறு, இங்கே எவனும் சுடமாட்டான், நாங்கள் இருப்பதே மூன்று பேர் என்று சொன்னேன். அவள் அகப்பையைக் கழுவிக்கொண்டு, பிரிக்காவிட்டால் வரமாட்டேன் என்றாள். என் விடுமுறை, என் வீம்பு எல்லாம் அந்தக் குசினியில் கரைந்து போவதைக் கண்டதும் எனக்குள் ஒரு மிருகம் எழும்பியது. நாலு வருடமாக நாக்கில் வைத்திருந்ததை, மகளுக்கு முன்னாலேயே துப்பினேன்.

"இந்தமுறை ஆரைப் பின்வள்ளத்திலை விடப்போறாய்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் வென்றிருப்பேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, கடை விலாசத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ரெண்டு வள்ளத்திலை வா, பெடியனைத் தம்பியோடை விடு எண்டு எழுதினது நீங்கள். கடிதம் அலுமாரியிலை சீலைக்குக் கீழை கிடக்கு. எடுக்கட்டோ?"

எடுக்கத் தேவையில்லை. என் கையெழுத்து எனக்குத் தெரியும். மொன்றியலில் இருந்துகொண்டு கிளாலிக்குத் திட்டம் போட்ட கெட்டிக்காரன் நான். அந்த நாலு வருடமும் அவள் அந்தக் கடிதத்தை என் முகத்தில் எறியாமல் வைத்திருந்திருக்கிறாள். அவளை நன்றாகக் குத்தவேண்டும் என்று நினைத்துத்தான் கேட்டேன், கத்தி என் பக்கம் திரும்பிவிட்டது. துஷா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் ஏன் முன்வள்ளத்தில் இருந்தாள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அடுத்தநாள் சனிக்கிழமை. அவள் சொன்னபடியே படகுக் கந்தோருக்கு அழைப்பு எடுத்தோம். எங்கள் வீட்டில் பிரெஞ்சு என்றால் துஷாதான். சத்தமாகக் கேட்கும் பொத்தானை அமத்திவிட்டு, இரண்டு படகு வேண்டும் என்றாள். மறுமுனையில் இருந்த பெண், அப்பாவும் அம்மாவும் பிரிந்து வாழ்கிறார்களோ என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை, இது எங்கள் ஊர் வழக்கம் என்று பிள்ளை பதில் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு அது பிடித்துக்கொண்டது. இந்தியாவில் எவ்வளவு அழகான வழக்கங்கள் என்று சொல்லிச் சிரித்தாள். நாங்கள் இலங்கை என்று யாரும் திருத்தவில்லை.

முதல் படகில் நானும் துஷாவும். இரண்டாவதில் எத்தனை பேர் என்று அந்தப் பெண் கேட்டதைத் துஷா எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"ரெண்டு எண்டு சொல்லு" என்றாள் மனைவி.

துஷா என்னைப் பார்த்தாள். பிறகு பிரெஞ்சில் இரண்டு என்பதற்கு "தெ" என்றாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். பிறகு, உயிர்காப்பு அங்கி அளவு பார்க்கவேண்டும், இரண்டாவது படகில் அம்மாவோடு வருவது பெரியவரா, பிள்ளையா, பிள்ளையென்றால் என்ன வயது என்று கேட்டாள். துஷா அதையும் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"ஒன்பது" என்றாள் மனைவி.

"பதின்மூண்டு" என்றேன் நான், அதே நேரத்தில்.

மறுமுனையில் அந்தப் பெண் அலோ, அலோ என்றாள். துஷா ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, எதைச் சொல்வது என்று தெரியாமல் எங்களுக்கு நடுவில் நின்றாள்.