இசொகாயின் விரல்களும் நான்கு சிலிண்டரும்

இசொகாய் மசஹருவின் விரல்கள் வெளுப்பதை எங்கள் நிலையத்தில் முதலில் பார்த்தது நான்தான். பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் இருந்ததும் நான்தான்.

நகோயாவில் மோட்டார் சைக்கிளில் தபாலும் பொட்டலமும் கொண்டுபோய்ச் சேர்க்கும் கூரியர் நிலையம் அது. எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் மேசை என்னுடையது. காலையில் ஒவ்வொருவரும் என் முன்னால் வந்து நின்று, மதுச் சோதனைக் கருவியில் ஊதி, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே வெளியே போகலாம். ஜனவரியில் ஒருநாள் இசொகாய் ஊதினார், சொன்னார், கருவியைத் திருப்பித் தரும்போது நழுவவிட்டார். எடுக்கக் குனிந்தவரின் இடது கையைப் பார்த்தேன். மூன்று விரல்கள் பாதிவரை மெழுகுவர்த்தி போல் வெளுத்திருந்தன. அதற்குக் கீழே சாதாரண மனிதக் கை. எங்கோ ஒரு குழாயை மூடிவிட்டது போல அப்படி ஒரு கோடு.

கேட்கவில்லை. கேட்டால் பதிவேட்டில் எழுத வேண்டும், எழுதினால் அவர் வண்டி எடுக்க முடியாது. அன்று பகல் முழுக்க அவருடைய பெயர் திரையில் நகரும்போதெல்லாம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவராகவே சொன்னார். தானியங்கி இயந்திரத்தில் வாங்கிய சூடான காபி டப்பாவைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மருத்துவரிடம் போய் வந்திருக்கிறார். இருபத்திரண்டு வருடமாகக் கைப்பிடி வழியே ஏறிய அதிர்வு விரலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிட்டதாம். குளிர் பட்டால் மூடிக்கொள்கின்றன. அதிர்வை நிறுத்தாவிட்டால் இன்னொரு குளிர்காலத்துக்குப் பிறகு திறக்காது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க செல்வின் சான். செத்தா போயிட்டேன், விரல்தானே," என்றார். பெயரோடு மரியாதைக்குச் சேர்க்கும் 'சான்' அங்கே எல்லோருக்கும் உண்டு.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. முன்பு ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தார். அது மூடியதும் சொந்த வண்டியோடு எங்களிடம் வந்தார். மனைவி பிரிந்து போய்ப் பத்து வருடம். தொயொஹாஷியில் ஒரு மகள் இருக்கிறாள். புத்தாண்டுக்கு அட்டை வரும். முப்பத்தெட்டாம் வயதில் ஒரு டாக்சிக் கதவு திடீரென்று திறந்ததில் இடது முழங்கால் நொறுங்கியது. அதில் பாதிதான் சரியானது. போன இலையுதிர்காலத்தில் ஒரு கிடங்கில் வேலை கேட்டுப் போனார். மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, தகவல் சொல்கிறோம் என்றார்களாம். சொல்லவில்லை. ஆக, அவருக்கு இருந்தது இந்த வேலை ஒன்றுதான்.

பிப்ரவரி முதல் வாரம் அவருடைய பழைய வண்டி நின்றுவிட்டது. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், கனயாமா நிலையத்துக்கு எதிரே உள்ளுக்குள் ஏதோ உடைந்து இறுகிப்போனது. எங்கள் நிலையத்தில் வண்டி இல்லாமல் ஒருவர் ஒரு வாரம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் அவர் இடம் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்போது மூன்று பேர் காத்திருந்தார்கள்.

அத்சுதாவில் விரைவுச் சாலைக்கு அடியில் உசாமி சானின் பழைய வண்டிக் கடை. அறுபத்தைந்து வயதுப் பெண்மணி; அவருடைய ஸ்பானருக்கும் வாய்க்கும் வண்டி ஓட்டுபவர்கள் ஒரே மாதிரிப் பயப்படுவார்கள். அந்த வாரம் பதிவுக் காகிதங்கள் தயாராக இருந்த மோட்டார் சைக்கிள்கள் இரண்டே. இரண்டும் நானூறு சிசி, இரண்டும் மேல்மூடி, காற்றுத் தடுக்கும் முன்கண்ணாடி எதுவும் இல்லாமல் எஞ்சினை வெளியே காட்டிக்கொண்டு நிற்கும் நேக்கட் வண்டிகள். ஒன்று சிவப்பு, இரட்டைச் சிலிண்டர். மற்றது கறுப்பு, நான்கு சிலிண்டர். பெரிய ஸ்கூட்டர் ஒன்றும் இருந்தது. ஆனால் அதன் அகலமான இருக்கையில் உட்கார்ந்தால் இசொகாயின் கால்கள் தரையைத் தொடவில்லை.

என் விடுமுறை நாளில் அவர் இரண்டையும் ஓட்டிப் பார்த்தார். நான் என் சின்ன ஸ்கூட்டரில் பின்னால் போனேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பயத்தில் என்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டுக்கும் ஒரே வழி: கடையிலிருந்து யகொதோ மேடுவரை போய்த் திரும்ப வேண்டும், ஐம்பது நிமிடம். திரும்பியதும் உசாமி சானின் மதிய உணவு டப்பாவிலிருந்து வேகவைத்த கறுப்பு பீன்ஸ் ஒரு கிண்ணத்தில் கொட்டி, ஒரு நிமிடத்தில் சாப்ஸ்டிக்கால் எத்தனை எடுக்க முடிகிறது என்று பார்ப்பது. அவருக்கு இந்த நோய் வந்ததும் இடது கையில். அவர் சாப்பிடுவதும் இடது கையில்தான். இந்தச் சோதனை அவருடைய யோசனை. மருத்துவமனைக் கருவியை விட இது நம்பகமானது என்றார்.

முதலில் சிவப்பு. அதில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே எழும், சேர்ந்தே விழும். பின்னால் வந்த எனக்கே அந்தத் தடதடப்பு கேட்டது. ஆனால் வண்டி ஒல்லி, தாழ்வு, லேசு. விளக்குப் பச்சையானதும் கைப்பிடியைக் கொஞ்சம் முறுக்கினாலே முன்னால் தாவியது. நிற்கும் இடங்களில் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்தன. யகொதோ ஏற்றத்தில் வண்டிகளுக்கு இடையே மீன் போல வளைந்து போனார். அவர் சிரிப்பதை அவருடைய வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.

திரும்பி வந்து கையுறையைக் கழற்றினார். கோடு வந்திருந்தது. சாப்ஸ்டிக் விரல்களுக்கு இடையில் தானாகத் திரும்பியது. ஒரு நிமிடத்தில் இரண்டு பீன்ஸ். மூன்றாவது மேசைக்கு அடியில் உருண்டோடியது.

"ரெண்டு பீன்ஸ் சாப்பிட்டே இவ்வளவு தொப்பையா?" என்றார் உசாமி சான். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

கைகளைச் சுடுநீரில் வைத்து நிறம் திரும்பும்வரை காத்திருந்து, பிறகு கறுப்பை எடுத்தார். அதில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது மற்ற இரண்டு இறங்கும். ஒன்றின் உதைப்பை இன்னொன்று தின்றுவிடும். ஊருக்குள் போகிற வேகத்தில் தையல் இயந்திரத்தின் சத்தம்கூட இல்லை. விரைவுச் சாலையில் ரொம்ப முறுக்கினால் மட்டும் எறும்பு ஊர்வது போல ஒரு கூச்சம் இருக்கும் என்று உசாமி சான் முன்பே சொல்லியிருந்தார். ஊருக்குள் அந்த வேகம் வராது. ஆனால் எஞ்சின் அகலம். வண்டி இருநூறு கிலோ, சிவப்பை விட இருபத்தைந்து கிலோ அதிகம். அந்த எடை முழுவதும் நிற்கும்போதுதான் தெரியும்.

யகொதோ மேட்டில், சிவப்பு விளக்கில், சாலை இடப்பக்கம் சரிகிற இடத்தில் நின்றார். இடது காலை ஊன்றினார். முழங்கால் மடங்கியது. அவசரமே இல்லாமல், ஒரு மாடு படுப்பது போல, வண்டி இடப்பக்கம் சாய்ந்து படுத்தது. நானும் அவரும் சேர்ந்து மூச்சு வாங்கத் தூக்கினோம். பாதுகாப்புக் கம்பி தாங்கியிருந்தது. கைப்பிடி முனையில் மட்டும் ஓர் அரிசி அளவுக்குக் கீறல்.

வலது காலை ஊன்றினால் என்ன என்று கேட்டேன். பதினெட்டு வயதில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்த எவரையும் போல, இடது கால் தரையில், வலது கால் பிரேக்கில் என்றே இவர் உடம்பும் பழகியிருந்தது. வலது காலை வைத்தால் பள்ளியில் மதிப்பெண் குறைப்பார்கள். முன்பு வீட்டு வாசலில் நின்ற பழைய வண்டியில் உட்கார்ந்து ஒரு மாதம் பயிற்சி செய்து பார்த்தாராம். சாலையில் விளக்கைப் பார்த்ததும் இடது கால்தான் இறங்குகிறது.

ஓரமாக நின்று தலைக்கவசத்தைக் கழற்றினார். "ரெட்டையவே எடுத்துடறேன் செல்வின் சான். விரல் போனா போகுது. பட்டன் இல்லாத சட்டையா வாங்கிப் போட்டுக்கலாம். கால் இல்லாம இந்த வேலைல நிக்க முடியாது."

எனக்கும் அதுவே சரி என்று பட்டது. அது சரி என்று படுகிற நிலைமையை நினைத்துப் பயமாகவும் இருந்தது.

கடைக்குத் திரும்பினோம். இருந்தாலும் சோதனையை முடித்துவிடலாம் என்றார். விரல்கள் இளஞ்சிவப்பாகவே இருந்தன. ஒரு நிமிடத்தில் பதினோரு பீன்ஸ். பன்னிரண்டாவதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு இசொகாய் எழுந்து நேராக நின்று, இடுப்பை மடக்கி ஆழமாகக் குனிந்து, யகொதோவில் வண்டியைச் சாய்த்துவிட்டேன் என்று சொன்னார். கீறலைத் தானே விரல் வைத்துக் காட்டினார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

கடைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஓட்டிப் பார்க்கும்போது வண்டியைச் சாய்த்தவர் அதையே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது.

"அது முப்பது வருஷத்துக்கு முன்னாடி காலேஜ் பசங்களுக்காக எழுதினது," என்றார் உசாமி சான். "உங்களுக்கில்ல. செவப்ப எடுத்துக்கிட்டுப் போங்க."

"பேப்பர்ல அப்படி எழுதலியே. காலேஜ் பசங்கன்னு போடலியே."

"கிழிச்சுடவா? இதோ கிழிச்சுடறேன்."

"நான் சாய்க்கறப்போ ஒட்டித்தானே இருந்துச்சு."

அரை மணி நேரம் இப்படியே போனது. உங்கள் காலுக்கு இந்த வண்டியை விற்றால் எனக்குச் சோறு இறங்காது என்று உசாமி சான் கத்தினார். இவர் ஒவ்வொரு முறையும் குனிந்தார். கடைசியில் உசாமி சான் காகிதங்களை மேசைமேல் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டார். வாங்குவதில்லை என்று தீர்மானித்த வண்டியையே இசொகாய் வாங்கிக்கொண்டு வந்தார். நான் நடுவில் புகுந்து ஏதாவது பேசியிருக்க வேண்டும். இத்தனை வருடம் அந்த ஊரில் இருந்தவனுக்கு, பேசினால் அவருக்கு இன்னும் அவமானமாகும் என்று தெரிந்திருந்ததுதான் தொல்லை.

முதல் வாரம் ஓடியது. அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இடது பக்கம் நடைபாதையின் ஓரக்கல் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் நிற்பது. கல்லின்மேல் கால் வைத்தால் வண்டி சாயாமல் நேராக நிற்கும், முழங்காலுக்கு வேலை இல்லை. நகரத்தின் வரைபடத்தை வாங்கி, கல் இருக்கும் நிறுத்தங்களை எல்லாம் பச்சைப் பென்சிலால் குறித்தார். இருபத்திரண்டு வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய ஊரை உட்கார்ந்து மறுபடி படித்தார். விரல்கள் வெளுக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் அது பிப்ரவரி கடைசி. மார்ச்சோடு நிதியாண்டு முடிவதால், மிச்சமிருக்கும் நிதியைத் தீர்க்க ஊர் முழுக்கச் சாலை ஓரங்களைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் ஓரக்கல்லை மறைத்து ஆரஞ்சுக் கூம்புகள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு டெண்டர் உறை கிடைத்தது. மாலை ஐந்து மணிக்குள் ஓர் அரசு அலுவலகத்தின் மேசையில் சேர வேண்டும். ஒரு நிமிடம் தவறினாலும் வாங்க மாட்டார்கள். நான்கு நாற்பதுக்கு அவருடைய புள்ளி என் திரையில் அந்தக் கட்டிடத்தை அடைந்தது. நிற்கவில்லை. கட்டிடத்தைச் சுற்றி வந்தது. மறுபடி சுற்றியது. நான்கு நாற்பத்தேழுக்கு மூன்றாவது சுற்று. அனுப்பிய நிறுவனத்திலிருந்து தொலைபேசி அடித்தது. நான் எடுக்காமல் அவரை அழைத்தேன்.

"இசொகாய் சான், ஏன் சுத்திக்கிட்டே இருக்கீங்க?"

"நாலு பக்கமும் தோண்டிப் போட்டிருக்கான். கால் வைக்க இடமில்ல."

"வலது காலை வைங்க. ஒரே ஒரு தடவை."

"சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். அது கேக்க மாட்டேங்குது."

நான்காவது சுற்று. நான்கு ஐம்பத்தொன்று. அலுவலகத்திலிருந்து யாரையாவது கீழே அனுப்பி உறையை வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன் என்றேன். அந்த அலுவலகத்தில் வெளியே வந்து வாங்க மாட்டார்கள் என்று இருவருக்குமே தெரியும்.

"சரி. சத்தம் கேட்டா பயந்துக்காதீங்க," என்றார்.

எஞ்சின் ஒலி தணிந்தது. கட்டிடத்தின் இரும்புவேலியில் உலோகம் உரசிக்கொண்டே போகும் சத்தம் நீளமாகக் கேட்டது. பிறகு தொப்பென்று ஏதோ விழும் சத்தம். பிறகு ஓடும் காலடிகள், ஒன்று கனமாக, ஒன்று லேசாக.

நான்கு ஐம்பத்தெட்டுக்கு அவர் குரல் வந்தது. மூச்சு வாங்கியது. "சேத்துட்டேன். முத்திரையும் வாங்கிட்டேன்."

"அடி பட்டுச்சா?"

"எனக்கில்ல. வண்டி நடைபாதையில படுத்துக் கெடக்கு. தனியா தூக்கிப் பாத்தேன், முடியல." "ரெண்டு பேரை அனுப்புங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒருமுறைகூட உதவிக்கு ஆள் அனுப்பச் சொன்னதில்லை என்று பிறகு முதலாளி சொன்னார். நான் பக்கத்தில் இருந்த இருவரை அனுப்பினேன்.

"விரலெல்லாம் நல்லா செவப்பா இருக்கு, செல்வின் சான். அங்க கையெழுத்து அவ்வளவு அழகா வந்துச்சு," என்றார். "திங்கக்கிழமைலேர்ந்து வேலைக்கு என்னைப் போடாதீங்க. முதலாளிகிட்ட நானே வந்து சொல்லிக்கறேன்."

அவர் பெயரில் இன்னும் இரண்டு வேலைகள் இருந்தன. ஒவ்வொன்றாக வேறு பெயர்களுக்கு மாற்றினேன். அவர் அழைப்பைத் துண்டிக்க மறந்திருந்தார். அலுவலகம் விட்டுப் போகிறவர்களின் காலடிகள் கேட்டன. வழியை அடைத்துக்கொண்டு வண்டி கிடப்பதற்காக, கடந்து போகும் ஒவ்வொருவரிடமும் இசொகாய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.