இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவே யானா

போன சனிக்கிழமை ஹரோவில் மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் ஏறியபோது பெட்டி முழுக்க நோவெண்ணெய் மணந்தது. நம்மவர் யாருடையதோ முழங்கால் என்று திரும்பினால், நீளக் காலுறை போட்ட பத்துப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள். காலையில் தாங்கள் ஆடிவிட்டு, பின்னேரம் வெம்பிளியில் பெண்கள் உதைபந்தாட்டம் பார்க்கப் போகிறார்கள். கூட வந்த ஒரு தமிழ்த் தகப்பன் ஆஃப்சைட் விதியை மகளுக்குப் பிழையாக விளக்கிக்கொண்டிருந்தார். "அப்பா, ப்ளீஸ்!" என்றாள் அவள். டிக்கெட் எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் கடைசியாக நேரில் பார்த்த பெண்கள் ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். நாயைச் சேர்க்கவில்லை.

அந்த ஒன்பதில் இருவர் நானும் ராஜி அக்காவும். இருபது வருடங்களுக்கு முன்பு, ரெய்னர்ஸ் லேனில், அவர் வீட்டின் ஓர் அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அக்கா ஸ்டுட்கார்ட்டில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டன் வந்தவர். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வந்தது, அவருக்கு வரவில்லை. மேல் அறையில் யானா. செக் நாட்டுக்காரி, பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் படித்தவள். ஆகவே இருவரும் சேர்ந்து சமைக்கும் அந்த வீட்டுக் குசினியின் மொழி ஜெர்மன். அவர்கள் சிரித்தால் நானும் சிரித்துவைப்பேன்.

யானா காலையில் ஒரு பேக்கரியில் வேலை செய்தாள். மாலையில் பயிற்சி, ஞாயிறுகளில் உள்ளூர்ப் பெண்கள் கழகம் ஒன்றுக்கு நடுக்கள ஆட்டம். ஒருநாள் அக்கா என் கதவைத் தட்டினார்.

"தம்பி, நீர் பேப்பர்காரன்தானே? இந்தப் பிள்ளைக்கு ஒரு அலுவல் பாக்க வேணும்."

அலுவல் இதுதான். செக் தேசிய அணியின் பயிற்சியாளர் முகாமுக்கு ஆள் எடுக்கிறார். யானா ஆட்டத்தை விட்டுவிட்டு லண்டனில் பாண் சுடுகிறாள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆடுவது உண்மையென்றால் பத்திரிகைச் செய்தி ஒன்றை மாதம் முடிவதற்குள் அனுப்பு, இல்லாவிட்டால் பட்டியலில் பெயர் இல்லை என்று அவர் எழுதிவிட்டார். அவளுக்கு இருபத்தாறு வயது. அடுத்த முறை என்று ஒன்று இல்லை. உள்ளூர் ஆங்கிலப் பத்திரிகையோ அந்தக் கழகத்துக்கு ஒற்றை வரி கொடுத்தது. அதிலும் ஒரு தடவை வென்றவர்களைத் தோற்றவர்களாக்கியிருந்தது.

நான் வேலை பார்த்தது ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் நடந்த இலவசத் தமிழ்ப் பத்திரிகையில். பதவி செய்தியாளர். வேலை மரண அறிவித்தல்களுக்கு எழுத்துப்பிழை பார்ப்பது. வராதுவந்த செய்தி என்பதால் நிமிர்ந்து உட்கார்ந்து பேட்டி எடுத்தேன். நடுக்கள ஆட்டக்காரியின் வேலை என்ன என்று கேட்டேன். யானா கைகளை வீசி மூன்று நிமிடம் ஜெர்மனில் பேசினாள். அக்கா மொழிபெயர்த்தார்:

"வீட்டில மூத்த பொம்பிளைப் பிள்ளையின்ர வேலை மாதிரித்தான் தம்பி. முன்னுக்கு நிக்கிறவைக்கும் பின்னுக்கு நிக்கிறவைக்கும் இடையில ஓடித் திரியிறது. பேர் மற்றவைக்கு."

"உண்மையா அப்பிடியோ சொன்னவ?"

"நீர் எழுதுமன்."

எழுதினேன். ஞாயிறு மழைக்குள் நின்று ஆட்டமும் பார்த்தேன். பந்து தன்னிடம் வருமுன் அவள் இரண்டு தோளுக்கு மேலாலும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். பிறகு பந்து அவள் காலில் ஒரு கணத்துக்கு மேல் தங்காது. தொண்ணூறு நிமிடத்தில் அவளுக்காக யாரும் கைதட்டவில்லை. அக்கா மட்டும் எதிரணிக்கும் சேர்த்துத் தட்டினார்.

ஆசிரியர் அண்ணை கட்டுரையை வாங்கி மணந்து பார்ப்பதுபோல் பார்த்தார். "ஐசே, இதை எங்கட சனம் ஆர் வாசிக்கப்போகுது?" என்றவர், முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி ஒன்று கடைசி நேரத்தில் நின்றுபோனதால், "சரி, அந்தக் கால் பக்கத்தில போடும்" என்றார். போட்டோம். பழைய எழுத்தையும் படத்தையும் எடுத்துவிட்டு யானாவை வைத்தோம். கறுப்புக் கரையையும் இரு பக்கத்துக் குத்துவிளக்குகளையும் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வருடக்கணக்காக அவற்றைப் பார்த்துப் பார்த்து எங்கள் கண்ணுக்கு அவை தெரியாமல் போயிருந்தன. பிழை எதுவும் இல்லையென்று கையெழுத்து வைத்தவன் நான்.

பத்திரிகை வந்த அன்றே தொலைபேசி அடித்தது. "சின்னப் பிள்ளை போல கிடக்கு, என்ன வருத்தம் வந்து செத்ததாம்?" என்று ஒரு அம்மா கேட்டார். கோயிலில் ஒருவர் அக்காவிடம் செத்தவீடு எப்போது என்று விசாரித்திருந்தார். அக்கா பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"டேய், உயிரோட இருக்கிற பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டியேடா!"

'நீர்' அன்றோடு போனது. ஆனால் யானா அதற்குள் பக்கத்தை வெட்டித் தபாலில் சேர்த்துவிட்டு, மகிழ்ச்சியோடு வந்து நின்றாள். விளக்குகள் எதற்கு என்று கேட்டாள். அக்கா ஒரு விநாடி என்னைப் பார்த்துவிட்டு ஏதோ ஜெர்மனில் சொன்னார். யானா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"என்னக்கா சொன்னனீங்கள்?"

"பெரிய ஆக்களுக்குத்தான் விளக்கு வைக்கிறது எண்டன். பொய்யே?"

மூன்றாம் வாரம் பயிற்சியாளரின் பதில் வந்தது. ஓர் எழுத்தும் விளங்கவில்லை, ஆனால் இவ்வளவு மரியாதையாக ஒரு பத்திரிகை போட்டிருந்தால் நீ ஆடத்தான் செய்கிறாய், வா. போனாள். தேசிய அணிக்கு ஆறு ஆட்டம் ஆடினாள். பிறகு முழங்கால் போயிற்று. இப்போது தன் ஊர்ப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை.

சென்ற வருடம் எனக்கு எழுதியிருந்தாள். அங்கே பழைய பெண் ஆட்டக்காரிகளுக்கு ஒரு பதிவேடு தயாரிக்கிறார்கள். லண்டனில் ஆடிய இரண்டு வருடங்களுக்கு அச்சில் வந்த ஆதாரம் வேண்டுமாம். அவள் அனுப்பிய வெட்டுத்துண்டு பயிற்சியாளரோடு போய்விட்டது. உன் பத்திரிகையில் ஒரு பிரதி இருக்குமே?

கழகம் கலைந்துவிட்டது. மைதானத்தில் இப்போது நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. ராஜி அக்கா இல்லை. பத்திரிகை நின்று பத்து வருடத்துக்கு மேலாகிறது. யானா எழுதுவதற்கு முந்திய வருடம், ஆசிரியர் அண்ணை இறந்த பிறகு, அவருடைய மகள் எனக்குத் தொலைபேசி எடுத்திருந்தாள். கராஜில் கூரைவரை பழைய பேப்பர் கட்டுக்கள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "அங்கிள், இதில இம்போர்டன்ட்டா ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

பல வருடம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற தோரணையில், "ஒண்டுமில்லைப் பிள்ளை, எறியுங்கோ" என்றேன்.

நானே பார்த்த சாட்சி என்று யானாவுக்காக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். தனிப்பட்ட நினைவுகளைச் சேர்ப்பதில்லை என்று பதிவேட்டுக்காரர் மிகவும் பண்பாகப் பதில் எழுதினார். பதிவேடு இப்போது இணையத்தில் இருக்கிறது. அவள் பெயருக்கு நேரே அந்த இரண்டு வருடங்களுக்கும் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறார்கள்.