தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் அட்டை

பேய், சகுனம் எதையும் நான் மதித்தவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன், வந்து துணி துவைப்பேன், அவ்வளவுதான் என் பக்தி. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று தெரிந்தும் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பஞ்ச் ஆபரேட்டராக இருந்தேன். கம்ப்யூட்டர் மெட்ராஸ் தலைமை அலுவலகத்தில் இருந்தது. நாங்கள் இங்கே தட்டச்சு இயந்திரம் மாதிரி ஒன்றில் விவரங்களை அடித்தால் அட்டையில் ஓட்டை விழும், அந்த ஓட்டைகளைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. பொன்னேரியிலிருந்து காலை ரயில், எட்டு மணி நேரம் டக்டக்கென்று அடிப்பது, மறுபடி ரயில். வீட்டில் படுத்த பிறகும் விரல்கள் அடித்துக்கொண்டே இருக்கும். இல்லாததைக் கற்பனை செய்கிற தெம்பெல்லாம் எனக்குக் கிடையாது, அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் ஆட்களின் வருகைப் பதிவைக் கம்ப்யூட்டரிடம் கொடுப்பது என்று முடிவானது. ப்ரோக்ராம் எழுதியவர் ராகவன் சார். நிஜ ஆட்களை உள்ளே விடுவதற்கு முன் பொய் ஆட்களை விட்டுச் சோதிக்க வேண்டும் என்றார். நூறு பொய் ஆட்களை யார் உட்கார்ந்து யோசிப்பது? அதற்கும் அவரே ஒரு ப்ரோக்ராம் எழுதினார். பெயர்ப் பட்டியல் ஒன்று, சுற்றுவட்டார ஊர்ப் பட்டியல் ஒன்று கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டரே குலுக்கிப்போட்டு ஆட்களை உண்டாக்கி அட்டையும் அடித்துத் தள்ளிவிடும். நிஜத் தொழிலாளிகளின் டோக்கன் எண்கள் எல்லாம் எண்ணூறுக்குள். கலந்துவிடக் கூடாதென்று பொய் ஆட்களுக்குத் தொள்ளாயிரத்துக்கு மேல். அட்டையின் கடைசியில் ஆளின் நிலைக்கு ஓர் எண் உண்டு. ஒன்று என்றால் வேலையில் இருக்கிறார். ஐந்து என்றால் இறந்துவிட்டார், பக்கத்தில் தேதி.

ஒரு வியாழக்கிழமை காலை, மெட்ராஸிலிருந்து கட்டாக வந்த அந்த அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து நின்றார்.

"ஸ்டெல்லாம்மா, கேட்டாண்ட ஒரு பொம்பள வந்து பேஜாரு பண்ணிக்கினு கீது. அது புருசன் இங்க வேலை செய்றானாம். அப்டி யாரும் இல்லன்னா நம்ப மாட்டேங்குது. நீ வந்து சொல்லு."

பெயர்ப் பட்டியல் என்னிடம் இருந்ததால் போனேன். முப்பது வயதுக்குள்தான் இருப்பாள், தலைகூட வாரவில்லை.

"எக்கா, நாங்க ஆரம்பாக்கம். எங்க ஊட்டுக்காரரு நேத்து காலைல வேலைக்கின்னு போனவரு இன்னும் வரல. எட்டு மாசமா இங்கதான் வந்துகினு போய்க்கினு கீறாரு."

"பேரு இன்னா?"

"ஏழுமலை. அவங்க நைனா பேரு முனுசாமி. டோக்கன் நம்பரு கூட சொல்லிக்கீறாரு. தொள்ளாயிரத்தி நாப்பத்திமூணு."

எங்கள் ஆலையில் அப்படி ஒரு டோக்கனே கிடையாது. வேலை கிடைக்காத மனிதன், வீட்டில் கிடைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு எட்டு மாதமாகத் தினமும் காலையில் கிளம்பி எங்கெங்கோ கூலிக்கு அலைந்திருக்கிறான், எண்ணையும் வாய்க்கு வந்தபடி சொல்லியிருக்கிறான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? "உக்காரு, பாத்துட்டு வரேன்" என்று உள்ளே வந்தேன்.

நம்பினால் நம்புங்கள். பொய் ஆட்களின் கட்டுக்குள் இருந்தது அந்த அட்டை. மு. ஏழுமலை, ஆரம்பாக்கம், தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. அவனும் இட்டுக்கட்டினான், இயந்திரமும் இட்டுக்கட்டியது, இரண்டும் ஒன்றாக இருந்தன. நிலை, ஐந்து. தேதி, அன்றைய தேதி.

ராகவன் சார் மெட்ராஸில் இருந்தார். இருந்தாலும் என்னவென்று சொல்வது? பயம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், ஒரு சலிப்புதான் வந்தது, இதையும் நானா பார்க்க வேண்டும் என்று. புது அட்டை ஒன்றைச் செருகினேன். அடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பது என் வழக்கம். "தொள்ளாயிரத்து நாற்பத்து மூணு, ஏழுமலை, ஆரம்பாக்கம், வேலையில இருக்கார்." ஐந்துக்குப் பதில் ஒன்று. தேதி இருந்த இடத்தை வெறுமையாக விட்டேன். பழைய அட்டையைக் கிழித்துப்போட்டுவிட்டு, புது அட்டையைக் கட்டுக்குள் வைத்தேன்.

அவளிடம் போய், "இங்க இல்லம்மா, ஆனா வந்துருவாரு, ஊட்டுக்குப் போ" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை இரண்டு பேருமாக வந்தார்கள். அவன் தலை நிமிரவில்லை. அவள்தான் பேசினாள்.

"அல்லாத்தையும் சொல்லிட்டாருக்கா. பொய் தாங்காம, நான் இங்க வந்த அன்னிக்கி காலைல தண்டவாளத்தாண்ட போய் நின்னுக்கினு இருந்தாராம். வண்டி வர்ற நேரம் பின்னால ஒரு பொம்பள கொரலு, அவரு நம்பரு, பேரு, ஊரு சொல்லி வேலையில இருக்காருன்னுச்சாம். திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. அதுக்குள்ள வண்டி பூட்ச்சு."

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். "இந்தக் கொரல்தாம்மா" என்றான். நான் அதுவரை ஒரு வார்த்தைதான் பேசியிருந்தேன், "வாங்க" என்று.

இதோடு முடிந்திருந்தால் இதைச் சந்தோஷமான கதையாகவே சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். அட்டைக் கட்டு மெட்ராஸ் போய், செவ்வாய்க்கிழமை ராகவன் சார் அச்சடித்த தாள்களோடு வந்தார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"எல்லாம் கரெக்ட் ஸ்டெல்லா. செத்தவங்க நாலு பேர் வரணும், நாலு பேர் வந்திருக்கு பாருங்க."

நான் ஒருவனை மாற்றியிருந்தேன். மூன்றுதான் வந்திருக்க வேண்டும். அந்த அட்டைக் கட்டின் மேல் வேறு யாரும் கை வைக்கவில்லை. தாளின் அடியில் நான்கு என்றுதான் இருந்தது, பெயர்கள் அடுத்த தாளில். ராகவன் சார் அதை என் பக்கமாகத் தள்ளினார்.

நான் புரட்டவில்லை. கண் எரிகிறது, அப்புறம் பார்க்கிறேன் என்றேன். அவர் தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு கேட்கவும் இல்லை. அந்த ஊர்ப் பட்டியலில் இருந்த எந்த ஊரில், எந்த வீட்டில் என்று எனக்குத் தெரியாது. அன்று சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, பொன்னேரி வரை நன்றாகத் தூங்கிவிட்டேன்.