கொட்டகை டேப்பும் கே.எல். டேப்பும்

இஞ்ஞாசிமுத்துவின் வாயில் இருந்தது ஒரே ஒரு வார்த்தைதான் என்று அந்த ரப்பர் தோட்டத்தில் சொல்வார்கள். கணக்கெழுதும் கிராணி சொன்னாலும் "சரிங்க", வேலை வாங்கும் மண்டோர் சொன்னாலும் "சரிங்க", சுங்கை லாலாங் கடைக்காரர் அழுகின தக்காளியைப் பையில் போட்டாலும் "சரிங்க". ரப்பர் பால் ஸ்டோரில் வாளிகளைத் தூக்கி நிறுக்கிற வேலை அவனுக்கு. ஆறடி உயரம். ஆனால் யாராவது குரலை உயர்த்தினால் தன் காலில் இருக்கும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அதற்காக அவனைக் கோழை என்று சொல்லிவிட முடியாது. ஸ்டோருக்குள் புகுந்த நாகப்பாம்பை வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டவன் அவன். பாம்பு தமிழில் அதட்டாது, அவ்வளவுதான் விஷயம்.

இந்த ஆளுக்குப் பாட வரும் என்று எழுபத்தாறில்தான் வெளியே தெரிந்தது. கிராணியின் மகன் ஆர்தர் பினாங்கிலிருந்து ஒரு எலக்ட்ரிக் கிட்டாரோடு வந்து இறங்கி, ராக் வாசிக்கப்போகிறேன் என்று முதலில் இரண்டு பேரைச் சேர்த்தான். மாதா கோயில் பாட்டுக்குழுவில் கடைசி வரிசையில் நின்றவனைப் பிடித்து இழுத்து, "நீதான் பாடணும் லா" என்றான். தன்னைவிட மூன்று வயது சின்னவனிடம் இஞ்ஞாசிமுத்து "சரிங்க" என்றான்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், தோட்டத்து இன்ஜின் கரண்ட் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வரும். ஆறு மணிக்கு மேல் ராக் வாசித்தால் லயத்து வீடுகள் மொத்தமும் சண்டைக்கு வரும். அதனால் பாட்டரியில் ஓடும் கேசட் ரிக்கார்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, மத்தியானத்தில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் பதிவு செய்தார்கள். எலக்ட்ரிக் கிட்டார் உறைக்குள்ளேயே தூங்கியது. சாதாரணக் கிட்டார் ஒன்று, பிஸ்கட் டின் ஒன்று, இஞ்ஞாசிமுத்துவின் தொண்டை ஒன்று. ஆறு பாட்டு. இதற்கு டெமோ என்று பெயர் என்றான் ஆர்தர். தோட்டம் அதைக் கொட்டகை டேப் என்றது.

ஆறில் ஐந்து ஆர்தர் எழுதியவை. நிலா, கடல், கண்ணீர் என்று போகும். கடலை அவன் பினாங்குக்குப் படகில் போய் வந்தபோது பார்த்ததோடு சரி. ஆறாவதை இஞ்ஞாசிமுத்து கட்டினான்.

'பெரட்டுக்கு வந்த புள்ள
பேரு சொன்னா நிமிரவில்ல'

விடிகிறதுக்கு முன்னால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. எந்தக் காலத்துத் துரையோ 'பரேட்' என்று சொன்னதை நம் ஆட்கள் மென்று பெரட்டு ஆக்கினார்கள். தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த வார்த்தை. அந்தப் பெரட்டில் தலை குனிந்தபடியே பேர் கொடுப்பவள் அகத்தா, பால்வெட்டு நவமணியின் மகள், தானும் பால்வெட்டுக்காரி. பாட்டு அவளுக்குத்தான் என்று ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். அதைக் கேட்டு அவள் சிரித்ததைப் பார்த்தவர்கள் உண்டு. கேசட் வெளியானதும் பெண் கேட்டுப் போவது என்று இஞ்ஞாசிமுத்து மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தான்.

கொட்டகை டேப் கோலாலம்பூருக்குப் போனது. பரஞ்சோதி என்ற கேசட் தயாரிப்பாளர் கேட்டுவிட்டு வரச் சொன்னார். எழுபத்தெட்டில் நால்வரும் போய், குளிர் அறையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடினார்கள். வயலின் எட்டு, ஆர்கன் ஒன்று, "லா லா" பாட மூன்று பெண்கள். ஆறாவது பாட்டு வந்ததும் பரஞ்சோதி தாளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"அது என்னப்பா பெரட்டு? தமிழ்ல அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. புரட்டுன்னு பாடு."

பரஞ்சோதி தமிழ் படித்தவர்தான். ஆனால் ஒரு நாள்கூடப் பெரட்டில் நின்றவர் இல்லை. புரட்டு என்றால் பித்தலாட்டம் என்று இஞ்ஞாசிமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். வாய் வரை வந்ததை முழுங்கிவிட்டு, "சரிங்க சார்" என்றான். 'புரட்டுக்கு வந்த புள்ள' என்று கணீரென்று பாடியும் வைத்தான்.

கோலாலம்பூரில் பாடிய கே.எல். டேப் வந்தது. பீடோங் கடைத்தெருவில், சுங்கைப் பட்டாணி பஸ் ஸ்டாண்டில், எங்கும் அதே பாட்டு. ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. "என்னா அகத்தா, அப்படி என்னா புரட்டு பண்ணுனே?" என்று பால் மரத்துக்குப் பால் மரம் கேலி. நவமணி பால் ஸ்டோருக்கே வந்து, வாளியை நங்கென்று வைத்துவிட்டு, "எம்மகளப் புரட்டுக்காரின்னு ரேடியோ வச்சுச் சொல்றியா?" என்றாள். அவன் சப்பாத்தைப் பார்த்தான்.

அகத்தா சண்டைக்கு வரவில்லை. மூன்றாம் நாள், "அந்தக் கொட்டகை டேப் இருக்கா? ரெண்டையும் கேக்கணும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

ஆயாக்கொட்டகையிலேயே கேட்டார்கள். ஊர்ப்பேச்சு வரக்கூடாது என்று ஆயா காளியம்மா நடுவில் உட்கார்ந்துகொண்டாள். முதலில் கே.எல். டேப்பில் ஒரு பாட்டு, பிறகு அதே பாட்டு கொட்டகை டேப்பில். அகத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கொட்டகை டேப்பில் தகரத்தில் மழை விழுந்தது, பிஸ்கட் டின் தாளம் தப்பியது, ஒரு குழந்தை அழுதது. நடுவில் ஒரு குரல், "டேய், பாயில போவாத, எந்திரி!" என்றது.

"அது நான்தான்," என்றாள் காளியம்மா பெருமையாக. "என்னைய ஏன் கே.எல்.ல சேத்துக்கல?"

ஐந்து பாட்டு முடிந்ததும் அகத்தா, "இதெல்லாம் கே.எல்.லதான் நல்லா இருக்கு" என்றாள். "வயலின் வர்ற இடம் ரொம்ப நல்லா இருக்கு. கொட்டகை டேப்புல உங்களுக்குச் சுதியே நிக்கல."

கொட்டகை டேப்பில் ஆறாவது பாட்டு ஓடியது. வயலின் இல்லை, "லா லா" இல்லை. பெரட்டு என்று தெளிவாகச் சொன்னது அவன் குரல். அகத்தா அதைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை கேட்டாள்.

"வார்த்தைய மாத்தச் சொன்னது அந்தக் கே.எல். சாரு. வாயத் தொறந்து பாடுனது யாரு?"

"நான்தான்."

"தப்புன்னு தெரியுமா?"

"தெரியும்."

"இந்த டேப்புல பாடுறாரே, அவரு வந்து கேட்டா யோசிக்கலாம். கே.எல். டேப்புல பாடுறவரு எனக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். காளியம்மா அவன் முதுகைத் தட்டி, "உன் பாடு சூசாதான் தம்பி, கஷ்டந்தான்" என்றாள்.

இரண்டு மாதம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது பரஞ்சோதி சுங்கைப் பட்டாணிக்கு வந்தார். கேசட் நன்றாகப் போகிறது, இன்னொரு தடவை அடிக்கப்போகிறோம் என்று கேசட் கடையில் நால்வருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். இஞ்ஞாசிமுத்து குவளையைத் தொடவில்லை.

"சார், ஆறாவது பாட்டுல ஒரு வார்த்த தப்பு. பெரட்டுதான் சரி. நான் திரும்பப் பாடித் தர்றேன்."

ஆர்தர் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தான். பரஞ்சோதி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வார்த்தைக்காக மறுபடியும் வயலின்காரங்களைக் கூப்பிடச் சொல்றியா? இஷ்டமில்லன்னா பாட்டையே தூக்கிடுவேன். யோசிச்சுக்க."

கடையில் அந்தப் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் போகிற ஆட்கள் நின்று கேட்டார்கள். அவன் வாழ்நாளில் கட்டிய ஒரே பாட்டு அது.

"அந்த வார்த்தையோட வேணாம் சார்," என்றான். "தூக்கிருங்க."

புதுக் கேசட் ஒரு மாதத்தில் வந்தது. ஆர்தர் அதுவரைக்கும் அவனோடு பேசவில்லை. இஞ்ஞாசிமுத்து அதை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்து தண்ணீர்க் குழாயடியில் பால் வெட்டுகிற கத்தியைக் கழுவிக்கொண்டிருந்த அகத்தாவிடம் நீட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையில் இருந்த பாட்டுகளை விரல் வைத்து எண்ணினாள். ஐந்துதான் இருந்தது.

"நம்ம பாட்டக் காணோம்?"

'நம்ம' என்றதை அவன் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். "எடுத்துட்டாங்க."

"யாரு எடுக்கச் சொன்னது?"

"நான்தான்."

"அவரு மூஞ்சிக்கு நேராவா?"

"நேராதான். ஆர்தரு காலை மிதிச்சாரு, அப்பவும் சொன்னேன்."

அகத்தா கேசட்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். கத்தியை எடுத்து உறையில் செருகினாள். நாலு அடி போய்விட்டுத் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அம்மா வீட்லதான் இருப்பாங்க. பேசுறதுக்கு ஆர்தரைக் கூட்டிக்கிட்டு வந்துறாதீங்க."