வல்லம் மைதானத்தில் யார் யாரைத் தூக்குவது

காலை ஆறரை மணிக்குப் பாபநாசம் ரயில் நிலையத்தில் தஞ்சாவூருக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். ஆளுக்குப் பத்து ரூபாய், இருபத்தைந்து கிலோமீட்டர். என் மகள் அபிநயாவுக்கு இந்த வண்டி பழக்கம். ஆறு மாதமாக இதில்தான் போய் வருகிறாள். நான் தஞ்சாவூரைத் தாண்டி வல்லம் வரை போவது இதுதான் முதல் தடவை.

வல்லத்தில் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர், ராணுவத்தில் சேர நினைக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்பார்கள். ராணுவக் காவல் பிரிவில் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் பெண்களையும் சேர்த்துக்கொண்டார். அன்றைக்குப் பெற்றவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அபியின் அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். எனவே நான் கிளம்பினேன். வெளி ஆட்களிடம் பேசுவதெல்லாம் எப்போதும் அவர் பொறுப்பு. எனக்கு நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பண்டாரவாடை தாண்டியதும் இருபுறமும் வயல். ஒரு பக்கம் குறுவை அறுத்த தாள், மறுபக்கம் சம்பா நடவு. வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வங்காளத்திலிருந்து வந்த ஆண்கள். அய்யம்பேட்டையில் பூக்கூடையோடு ஏறிய ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

"நடவுன்னா பொம்பள வேலைன்னாங்க. இப்ப இவனுங்க நடுறானுங்க. நெல்லு என்ன முளைக்க மாட்டேன்னா சொல்லிச்சு?" என்றார். அபி சத்தமாகச் சிரித்தாள்.

தஞ்சாவூரில் இறங்கி வல்லம் போகும் நகரப் பேருந்தில் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஊரைத் தாண்டிப் போகப் போகப் பச்சை குறைந்துகொண்டே வந்தது. வல்லத்தில் ஒரே செம்மண், காலடியில் சரளைக்கல். எங்கள் பக்கத்துக் களிமண்ணையே பார்த்துப் பழகிய எனக்கு வேறு மாவட்டத்துக்கு வந்துவிட்டது போல இருந்தது.

எட்டரை மணிக்கு மைதானத்தில் நின்றோம். முப்பது பையன்கள், ஏழு பெண்கள். எல்லோருக்கும் ஒரே ஓட்டம், ஒரே கயிறு, ஒரே மண்மூட்டை. கொட்டகை அடுப்பில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும்தான். பெண்கள் ஓடி வந்து நின்றபோது நான் என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். பிறகு வெட்கப்பட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டேன்.

அடுத்து, அடிபட்ட வீரரைத் தோளில் குறுக்காகப் போட்டுத் தூக்கிக்கொண்டு நூறு மீட்டர் ஓடும் பயிற்சி. மாஸ்டர் சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்தார். அபிக்கு வந்தவன் ஒரத்தநாட்டுப் பையன் பிரவீன். ஆறடி உயரம், அறுபத்தெட்டு கிலோ. அபி ஐம்பத்திரண்டு.

பெற்றவர்களோடு உட்கார்ந்திருந்த பிரவீனின் அம்மா சட்டென்று எழுந்துவிட்டார். "என்ன மாஸ்டர் இது? எம் புள்ளய ஒரு பொம்பளப் புள்ள தோள்ல போட்டுக்கிட்டு ஓடுறதா? நாளைக்கு இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

பிரவீன் தலையைக் குனிந்தான். "அம்மா, உக்காரும்மா. மானம் போவுது."

"அதத்தான்டா நானும் சொல்றேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "வேணாம்னா மாத்திடறேன். ஆனா பொண்ணுங்களுக்குத் தனியா, பையனுங்களுக்குத் தனியான்னு ரெண்டு பயிற்சி என்னால நடத்த முடியாது. அப்புறம் பொண்ணுங்க வேற இடம் பாத்துக்கணும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அபி அம்மா, நீங்க சொல்லுங்க."

ஆள்சேர்ப்புக்கு இன்னும் ஒரு மாதம்தான். வேறு இடம் எங்கே இருக்கிறது? அபி என்னையே பார்த்தாள். அவள் மட்டுமல்ல, மைதானமே பார்த்தது. மாஸ்டரிடம் சொல்ல வராததை அந்த அம்மாவிடம் சொன்னேன்.

"ஏங்க்கா, குண்டடி பட்டுக் கெடக்கையில உங்க புள்ளய யாரு தூக்கிட்டு வந்தா என்னக்கா? உசுரோட வந்தாப் போதாதா?"

அவர் அபி பக்கம் திரும்பி, "கீழ போட்டுடாத தாயி. ஒரே புள்ள" என்றார்.

அபி குனிந்து, பிரவீனைத் தோளில் வாங்கி, எழுந்தாள். முதல் ஐம்பது மீட்டர் நன்றாகப் போனது. பிறகு சரளையில் கால் வழுக்கி ஒரு முழங்கால் தரையில் பட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எறக்கிடு அபி, நான் நடந்துக்கறேன்" என்று தோளிலிருந்து குரல் வந்தது.

"காயம் பட்டவன் பேசக் கூடாது. சும்மா கெட!"

எழுந்துவிட்டாள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் அடுப்பில் இருந்தவர்கள் கரண்டியோடு ஓடி வந்தார்கள். அபி கோட்டைத் தாண்டியபோது நானும் பிரவீனின் அம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். யார் முதலில் பிடித்தோம் என்று தெரியவில்லை.

மாஸ்டர் விசில் ஊதினார். "மாத்து! இப்ப அபிக்கு அடி பட்டிருக்கு. பிரவீன், தூக்கு!"

இது எனக்குத் தோன்றவே இல்லை. வயதுக்கு வந்த பெண்ணை யாரோ ஒரு பையன் தூக்குவதா? பிரவீன் அசையாமல் நின்று என்னைப் பார்த்தான். அவன் அம்மா என் கையை விட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இப்ப சொல்லு தங்கச்சி. எம் புள்ளக்கி ஒரு நியாயம், உம் புள்ளக்கி ஒரு நியாயமா?"

அந்த அம்மா கேட்டதில் தப்பே இல்லை. யார் தூக்கினால் என்ன என்று நான் கேட்டது பாதி நியாயம்தான். அபியின் முழங்காலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் அதைக்கூடக் கவனிக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்குப்பா" என்றேன். குரல் வெளியே வரவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். "தூக்கிட்டு ஓடு தம்பி!"

ஓடினான். அபி அவன் தோளில் கிடந்தபடி, "இன்னும் வேகமா" என்று கத்திக்கொண்டே போனாள்.

மதியம் எல்லோருக்கும் சோறும் சாம்பாரும். பிரவீன் பந்தி பரிமாறினான். "வீட்ல தண்ணி மோந்து குடிக்க மாட்டான்" என்று அவன் அம்மா என் காதில் சொல்லிவிட்டு, அவனிடம் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.

மாலை வண்டியில் திரும்பும்போது அபியின் அப்பா போன் செய்தார். அவள் தூக்கியதைச் சொன்னேன். தூக்கப்பட்டதையும் மறைக்காமல் சொன்னேன். பட்டறை இரைச்சலுக்கு நடுவே கேட்டார்.

"சரின்னு யாரு சொன்னது?"

"நான்தாங்க."

"அத்தனை பேரு முன்னாடியா?"

"சத்தமாவே சொன்னேன்."

பிறகு, "அடுத்த மாசம் லீவு கேட்டுப் பாக்குறேன்" என்றார். "அவ ஓடுறதையும் பாக்கணும். நீ பேசுறதையும் பாக்கணும்."