ஏழுமலை அண்ணனின் ஒரிஜினல் டேக்

1. வேலைக்குச் சேர்ந்த நாள்

கீழ்க்கட்டளையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில்தான் அந்த ரெக்கார்டிங் ஸ்டுடியோ. சவுண்ட் இன்ஜினியராக நான் சேர்ந்த அன்று, முதலாளி எட்வின் சார் ஒரு சர்ச் பாட்டைப் போட்டுக் காட்டினார். எட்டுப் பேர், ஆளுக்கொரு மைக்.

"இதுல ஒருத்தர் சுருதி தப்பறார். யாருன்னு சொல்லு ஷமீம்."

ஒவ்வொரு மைக்காகக் கேட்டுவிட்டு, ஐந்தாவது என்றேன்.

"கரெக்ட். அது என் வீட்டுக்காரம்மா. சரி பண்ணிடு, அவங்ககிட்ட சொல்லாத."

சிரித்துக்கொண்டே சரிசெய்தேன். ஆனால் அன்று ஒரு பயமும் கூடவே ஒட்டிக்கொண்டது. திருத்தாமல் ஒரு பிசிறு வெளியே போனால், பாடியவரை யாரும் சொல்ல மாட்டார்கள், என் காதைத்தான் சொல்வார்கள். அந்தப் பயத்தில்தான் வேலை கற்றேன். குரலைச் சுருதியில் நிறுத்துவேன், தாளத்தைக் கோட்டில் உட்காரவைப்பேன், மூச்சு சத்தத்தை வெட்டுவேன்.

ஒருமுறை, நடன அரங்கேற்றத்துக்காகப் பாடிய கர்நாடகப் பாடகி ஒருவர் என் எடிட்டைக் கேட்டுவிட்டு, "கமகத்தை எல்லாம் இஸ்திரி போட்டு வச்சிருக்கியேம்மா" என்றார். ஸ்வரங்கள் அசைந்து குழையும் இடங்கள் நேராகிவிடாமலிருக்க, அவர் பாட்டில் சுருதி திருத்தும் சாஃப்ட்வேரை எங்கெங்கே அணைக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். அதைக் கர்நாடக சங்கீதத்துக்கான விதி என்றுதான் எடுத்துக்கொண்டேன். மற்ற பாட்டுகளுக்கு அந்தக் கவலை தேவையில்லை என்று நினைத்தேன்.

2. திங்கட்கிழமை

ஏழுமலை அண்ணன் மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். லீவு நாட்களில் சாவு வீடுகளில் கானா பாடுவார். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்பெட்டியை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலையில் அட்மிஷன். அதற்கு முன் ஒரு பாட்டைப் பதிவு செய்துவிட ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார்.

"எல்லார் சாவுக்கும் நான் பாடிக்கிறேன் தங்கச்சி. என் சாவுக்கு யார் பாடறது? அதான் நானே பாடி வச்சிட்டுப் போறேன்" என்றார். பக்கத்தில் அவர் மனைவி சரோஜா அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஒரே பாட்டு. அவரே கட்டியது. 'வந்தவங்களுக்கு டீ குடுங்க, போறவனுக்கு வழி விடுங்க' என்று தொடங்கும். ஹெட்ஃபோனில் கிளிக் கொடுத்தேன். தாளம் விலகாமலிருக்க டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் அது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. சில வரிகளில் முந்தினார், சிலவற்றில் பின்தங்கினார். குரல் கரகரத்தது, உச்சத்தில் உடைந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க உட்கார்ந்து எடிட் செய்தேன். உடைந்த இடத்தையெல்லாம் ஒட்டினேன். கரகரப்பைக் குறைத்தேன். எட்வின் சார் கேட்டுவிட்டு, "முப்பது வயசுக்காரன் மாதிரி கீறான்யா" என்று ஏழுமலை அண்ணனின் பாஷையிலேயே பாராட்டினார். டிஸ்க்கில் இடம் இல்லாததால், வழக்கம்போல் எடிட் முடிந்தபின் தேவைப்படாத ஃபைல்களை நீக்கும் பட்டனை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

3. புதன்கிழமை

காலை பதினோரு மணிக்கு இருவரும் கேட்க வந்தார்கள். பாட்டு முடிந்தது. ஏழுமலை அண்ணன் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாக்கீது" என்றார். பிறகு, "யார் இது?" என்றார்.

சரோஜா அக்காதான் விளக்கினார். "மேடம், இவுரு 'வழி விடுங்க'ன்னு சொல்ற எடத்துல தொண்டை ஒடையும். அதுக்குதான் ஜனம் அழும். இதுல ஒடையவே இல்லியே."

"ஒரிஜினல் இருக்கு, போடறேன்க்கா" என்று ஃபோல்டரைத் திறந்தேன். காலியாக இருந்தது. பேக்கப் டிஸ்க்கைப் பார்த்தேன். அதில் முடித்தபின் ஏற்றிய என் எடிட் மட்டும்தான். முந்தின நாள் அழுத்திய பட்டன் நினைவுக்கு வந்தது. ஒரு மனிதனின் குரல் இன்னும் ஒரு நாள்தான் இருக்கும். அதன் பதிவை அழித்துவிட்டேன்.

எட்வின் சார் என் காதருகே குனிந்து, "டிஸ்க் ரிப்பேர்னு சொல்லிடு" என்றார். வாய்வரை வந்தது. சரோஜா அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை.

"நான் அழிச்சிட்டேன்ணா. என் தப்பு."

சரோஜா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏழுமலை அண்ணன் தண்ணீர் கேட்டார். சிறிது சிறிதாக விழுங்கினார்.

"சரி, இப்ப பாடறேன். அந்த டிக் டிக் வாணாம்."

தொண்டைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருக்கு மூச்சு அடைத்தால் என்ன செய்வேன்? அவர் பாடும் பூத்தின் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னேன். கீழே கடைச் சத்தம் பதிவாகும் என்றார் எட்வின் சார். ஆகட்டும் என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல்முறை.

ஏழுமலை அண்ணன் மர நாற்காலியில் விரல்களால் தட்டிக்கொண்டே பாடினார். திங்கட்கிழமையைவிடக் குரல் மோசம். இரண்டாவது சரணத்தில் நின்றுவிட்டது. மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. என் விரல் ஸ்டாப் பட்டன்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"பயமா கீது சரோஜா" என்றார், மைக்கிலேயே.

சரோஜா அக்கா உள்ளே போய் அவர் முதுகில் கை வைத்தார். நாற்காலியில் மறுபடி தட்டல் கேட்டது. விட்ட வரியிலிருந்து பிடித்துப் பாடி முடித்தார். 'வழி விடுங்க' என்ற இடத்தில் குரல் உடைந்தது.

அவர்கள் கிளம்புவதற்குள் அந்த ஃபைலை மூன்று டிஸ்க்கில் போட்டு, மூன்றையும் அவர்கள் முன்பே ஓட்டிக் காட்டினேன். பல நாட்கள் ஸ்டுடியோவுக்கு வந்ததும் முதல் வேலையாக அது இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

4. அவர் திரும்பி வந்தது

நான்கு மாதம் கழித்து ஏழுமலை அண்ணன் மாடியேறி வந்தார். கழுத்தில் சிறிய துளை, அதன்மேல் மெல்லிய துணி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. கம்பெனியில் ஸ்டோர்ஸுக்கு மாற்றியிருந்தார்கள். பாட்டை முழுதாகக் கேட்டார். மொபைலில் தட்டச்சு செய்து என்னிடம் நீட்டினார்.

'பயமா கீதுன்னு சொன்னத எடுத்துடு. சாவுக்கு வர்றவங்க பயந்துடுவாங்க.'

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இனி இந்தப் பாட்டைத் தொடவே கூடாது என்று சத்தியம் செய்யாத குறையாக இருந்தேன். மறுக்கக்கூட வாயெடுத்தேன். அவர் மொபைலை மறுபடி நீட்டினார்: 'பாட்டு என்னுது.'

உட்கார்ந்தேன். கிளிக் இல்லாத பாட்டு, பின்னால் கடைச் சத்தம் வேறு. நின்ற மூச்சையும் தொடங்கிய மூச்சையும் தையல் தெரியாமல் சேர்க்க ஒரு மதியம் முழுக்க ஆனது. நான் செய்த எடிட்களிலேயே கடினமானது அதுதான். குரல் உடையும் இடத்தின் பக்கமே போகவில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

"வெட்டினதை என்னண்ணா பண்றது?" என்று கேட்டேன். இந்தமுறை கேட்காமல் எதையும் அழிப்பதாக இல்லை.

கொஞ்சம் யோசித்துத் தட்டச்சு செய்தார். 'சரோஜாகிட்ட குடு. அது அவகிட்ட சொன்னது.'

அதன்பிறகு யார் வந்து பாடினாலும், கர்நாடகமோ சர்ச் பாட்டோ கானாவோ, மைக்கைப் போடும் முன் ஒரு கேள்வி கேட்பேன்: "உங்க குரல்ல நான் எதைத் தொடக் கூடாது?" பலருக்கு உடனே பதில் சொல்லத் தெரிவதில்லை. தெரியும்வரை உட்கார்ந்திருப்பேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.